நாரை இழுக்கும் உருளை

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்றைப் பற்றிக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்து நேயர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உதடு வெடிக்கும். பாலியெஸ்டர் சேலை காலோடு ஒட்டும். அந்த நாட்களில் பிளாஸ்டிக் சீப்பால் தலை வாரினால் முடி சீப்பை நோக்கி எழும்பும். அதே சமயம் ஒவ்வொரு முடியும் பக்கத்து முடியை விட்டு விலகி நிற்கும். இழுப்பதும் விலக்குவதும் ஒரே தலையில், ஒரே நொடியில் நடக்கின்றன.

இதுதான் நிலைமின்சாரம். எல்லாப் பொருள்களிலும் நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் சம அளவில் இருப்பதால் சாதாரணமாக எதுவும் வெளியே தெரிவதில்லை. உரசும்போது முடியிலிருந்து சில எலக்ட்ரான்கள் சீப்புக்கு இடம் மாறுகின்றன. சீப்பில் எதிர்மின்னூட்டம் மிகுகிறது. முடி நேர்மின்னூட்டம் பெறுகிறது. மாறுபட்டவை இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. முடிகள் எல்லாவற்றிலும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் அவை தமக்குள் விலகுகின்றன.

உரசிய பொருள் தூசியை இழுக்கும் என்பது பழங்காலக் கிரேக்கர்களுக்கே தெரியும். இரண்டு வகை மின்னூட்டம் உண்டு என்று உலகம் அறிந்தது மிகவும் பிந்தி, 1733இல். பாரிஸ் அரச தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த து ஃபே, உரசிய கண்ணாடிக் குழாயால் மெல்லிய தங்கத் தகடு ஒன்றை விரட்டிக் காற்றில் மிதக்கவிட்டார். பிறகு உரசிய மரப்பிசின் துண்டு ஒன்றை அதன் அருகே கொண்டுபோனார். பிசினும் தகட்டை விரட்டும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். தகடோ பிசினை நோக்கிப் பாய்ந்தது! எதிர்பார்ப்பு பொய்த்த அந்த இடத்தில் நின்று யோசித்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிறகு 1785இல் கூலும் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்த விசையை அளந்தார்: தூரம் பாதியானால் விசை நான்கு மடங்காகும்.

சரி, உரசாத காகிதத் துண்டைச் சீப்பு எப்படி இழுக்கிறது? காகிதத்தில் மிகை மின்னூட்டம் எதுவும் கிடையாது. ஆனால் சீப்பு அருகே வந்ததும் காகிதத்தின் உள்ளேயே எலக்ட்ரான்கள் சற்றே அப்பால் ஒதுங்குகின்றன. சீப்பைப் பார்த்த பக்கம் நேர்மின்னூட்டம் மிகுகிறது. பக்கத்தில் இருப்பதன் இழுப்பு, தள்ளி இருப்பதன் விலக்கலை வென்றுவிடுகிறது. ஆகவே ஒன்று இழுபடுகிறது என்பதை மட்டும் வைத்து அதில் மின்னூட்டம் ஏறியிருப்பதாகச் சொல்லிவிட முடியாது. விலகினால்தான் உறுதி.

இந்த இழுப்பை நம்பி நடக்கும் வேலை ஒன்று தேயிலை ஃபேக்டரிகளில் உண்டு. மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியார் பக்கம் சலிப்புப் பகுதியில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சியாக இருக்கும். பறித்த கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். டிரையரை விட்டு வெளியே வரும்போது தூளில் சுமார் 3 சதவீத ஈரமே மிஞ்சுகிறது. அந்தத் தூளில் காம்பிலிருந்து வந்த நார் கலந்திருக்கும்; அது நின்றால் தூளின் தரம் குறையும், விலையும் இறங்கும். ஆகவே தூளை அதிரும் தட்டில் பரப்பி நகர்த்துகிறார்கள். மேலே பிளாஸ்டிக் உருளைகள் வரிசையாகச் சுழல்கின்றன. ஒவ்வொரு உருளையையும் ஃபெல்ட் துணி உரசிக்கொண்டே இருக்கிறது. மின்னேறிய உருளையின் கீழே தூளும் நாரும் ஒன்றாகத்தான் வருகின்றன, இரண்டுமே இழுபடுகின்றன. தூள் மணி கனமானது, தட்டிலேயே தங்கிவிடுகிறது. நார் லேசானது, சற்றுக் கூடுதல் ஈரமும் அதில் நிற்பதால் எளிதில் இழுபடும். துள்ளி எழுந்து உருளையில் ஒட்டிக்கொண்டு தனியே போய் விழுகிறது. கையால் பொறுக்கினால் நாள் கணக்கில் ஆகும் வேலை இது. தலை வாரும் சீப்பில் இருக்கும் அதே விசை இதைச் செய்து முடிக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத செய்தி!

ஆனால் ஆடி மழையில் இதே உருளை தடுமாறக்கூடும். காற்றில் ஈரம் மிகுந்தால் பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். அதன் வழியே மின்னூட்டம் கசிந்துவிடும். கொழிஞ்சாம்பாறையில் தை மாதத்தில் பொறி பறக்கவிட்ட சீப்பை மூணாற்றுக்கு ஆடியில் எடுத்துப்போனால் காகிதத் துண்டு அசைவதே கடினம். சலிப்புப் பகுதியைக் காய்ந்த நிலையில் வைத்திருப்பது தூள் ஈரம் குடிக்காமல் இருப்பதற்காக மட்டுமல்ல, இந்த இழுப்புக்காகவும்தான்.

கடைசியாக, ஜீப்பும் மருந்தடிக்கும் மெஷினும் வைத்திருக்கும் தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சென்டிமீட்டர் காற்றைத் தாண்டிப் பொறி பாய ஏறக்குறைய 30,000 வோல்ட் வேண்டும். பெரிய எண்தான், ஆனால் நம் உடம்பிலேயே உரசலால் சில ஆயிரம் வோல்ட் சாதாரணமாக ஏறும். பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க ஒரு சிறு பொறியே போதும். அதனால் கேனை ஜீப்பின் பின்னால், பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்துக்கொண்டே பெட்ரோல் நிரப்பாதீர்கள். எரிபொருளுக்கென்றே செய்த கேனாகப் பார்த்து வாங்குங்கள். தரையில் இறக்கி வைத்து, குழாய் முனை கேனின் வாயைத் தொட்டிருக்கும்படி மெதுவாக நிரப்புங்கள். விரிப்பின் மேல் இருக்கும் கேனில் சேரும் மின்னூட்டம் இறங்க வழியில்லாமல் அங்கேயே நிற்கும். தரையில் வைத்தால் அது மண்ணுக்கு இறங்கிப்போக வழி கிடைக்கும்.