கைரேகையும் ஆஸ்பத்திரிச் சீட்டும்

கோலார் தங்கவயல் என்றால் எல்லாரும் சயனைடு மேட்டையும் மூன்று கிலோமீட்டர் ஆழச் சுரங்கத்தையும் காட்டுவார்கள். நான் இன்றைக்குக் காட்டப்போவது ஒரு கட்டைவிரல்.

1930. சுரங்கத் தொழிலாளர்கள் கைரேகை பதிய வேண்டும் என்று உத்தரவு வருகிறது. வட ஆர்க்காடு, சித்தூர் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். பெரும்பாலும் தலித் மக்கள். ரேகை வாங்குவது திருடனிடம்தானே, எங்களிடம் எதற்கு? 21 நாள் வேலைநிறுத்தம்.

மனநோய் பற்றிப் பேச வந்துவிட்டு இந்தக் கதை ஏன்? செய்யாத குற்றத்துக்கு முன்கூட்டியே பதிவு என்றுதான் அவர்கள் கொதித்தார்கள். வராத நோய்க்கும் அப்படிப் பதியலாமா?

1990-களில் மெல்போர்னில் மனநல மருத்துவர் பேட்ரிக் மெக்கோரியும் கூட்டாளிகளும் இதில் இறங்கினார்கள். காதில் லேசாகக் குரல், காரணமில்லாத சந்தேகம், நண்பர்களை விட்டு ஒதுங்குதல். இவற்றை வைத்து, மனச்சிதைவு வருமுன்பே பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் பின்னால் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 'அபாயத்தில் இருக்கிறார்' என்று குறிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு மூன்றாண்டுக்குள் அந்த நோய் வரவில்லை. 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநலக் கையேடும் இந்த அபாய நிலையை நோய்ப் பட்டியலில் சேர்க்காமல், இன்னும் ஆராய வேண்டியது என்று பின்பகுதியில் வைத்தது.

அப்படியானால் முற்றும்வரை காத்திருப்பதா? அதன் விலையும் தெரியும். 2001 ஆகஸ்ட் 6-இல் தமிழ்நாட்டு ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் விடுதியில் தீ. சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகினார்கள்.

அதனால் சீக்கிரம் பார்க்கத்தான் வேண்டும். பார்ப்பது வேறு, பெயர் எழுதுவது வேறு என்பதுதான் என் வாதம். தூக்கம் கெட்டதா, அதற்கு வைத்தியம் செய்யலாம். படிப்பு தடுமாறினால் உட்கார்ந்து பேசலாம். இதற்கெல்லாம் பெரிய நோயின் பெயர் எதற்கு?

2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், முன்பு சிகிச்சை எடுத்ததை மட்டும் வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. நோயாளியின் விவரம் ரகசியம் என்கிறது. ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டா வருகிறார்கள்?

தங்கவயல் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறி, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு மகனைக் கூட்டிப்போகும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது சீட்டை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொள்கிறாள். பக்கத்து லைன் வீட்டுக்காரி எங்கே போய் வந்தாய் என்று கேட்கிறாள்.

"பையனுக்குத் தலைவலிக்கா."