பெயரில் விழுந்த கறை

(அம்பத்தூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)

தோழர்களே!

யூனியனில் முன்னால் நின்ற தொழிலாளியின் பெயரை ஒரு முதலாளி இன்னொரு முதலாளிக்குக் காதோடு காதாகச் சொல்லி வைத்த காலம் ஒன்று உண்டு. இன்று அவருக்கு அந்தச் சிரமம் கூட இல்லை. வேலை கேட்டு வருகிறவனின் பெயரையும் தகப்பனார் பெயரையும் கூகுளில் தட்டினால் போதும். எப்போதோ மறியலில் கைதான செய்தி முதல் வரியாக வந்து நிற்கிறது.

கைதானது பத்திரிகையில் வந்தது. கேஸ் நடந்தது. சாட்சி இல்லை, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று கோர்ட்டு விடுதலை செய்தது. அந்தச் செய்தி எந்தப் பத்திரிகையில் வந்தது? பெரும்பாலும் எதிலும் வருவதில்லை. ஆகவே உலகத்தின் கண்ணில் அந்தத் தொழிலாளி இன்னும் கைதான நிலையிலேயே நிற்கிறான்.

இது ஏன் ஏழையின் தலையில் மட்டும் இப்படி விடிகிறது? பெரிய முதலாளியின் பெயரைத் தேடினால் ஆயிரம் பக்கம் வரும். விருது வாங்கினார், கல்லூரி கட்டினார் என்று வரும். கெட்ட செய்தி ஒன்று இருந்தால் அந்தக் குவியலில் அமுங்கிவிடும். நம்முடைய பெயர் இணையத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அது போலீஸ் கேஸ். தேடும் யந்திரம் இருப்பதைத்தானே காட்டும்? போதாக்குறைக்கு, நம் ஊரில் ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் உள்ளவர்கள் எத்தனை பேர்! வேறொரு முருகன் மேல் போட்ட கேஸ் உங்கள் வீட்டு முருகனின் வேலையைக் கெடுக்கிறது.

போலீசின் முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. அந்த உத்தரவு நல்லதுதான். என்ன கேஸ் என்றே தெரியாமல் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நம் ஜனங்கள் காத்துக் கிடந்த கொடுமையை அது குறைத்தது. ஆனால் அறிக்கை ஏறுகிற வேகத்தில் விடுதலைத் தீர்ப்பு ஜனங்களின் கண்ணுக்கு வருவதில்லை.

இந்த விஷயம் நம்முடைய மதராஸ் ஹைகோர்ட்டுக்கே வந்தது. கீழ்க் கோர்ட்டில் தண்டிக்கப்பட்டு, 2014இல் ஹைகோர்ட்டில் விடுதலையான ஒருவர், தீர்ப்பிலிருந்து தம் பெயரை மறைக்கும்படி கேட்டார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று முதலில் கருத்துச் சொன்ன நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சரியான சட்டமும் அளவுகோலும் இல்லாமல் உத்தரவிட முடியாது என்று 2021 ஆகஸ்டில் மனுவைத் தள்ளினார். 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் அதை மாற்றி, பெயரை மறைக்கவும், தீர்ப்புகளை வெளியிடும் ‘இந்தியன் கானூன்’ தளத்திலிருந்து அதை எடுக்கவும் சொன்னார்கள். அந்தத் தளம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. கோர்ட்டுத் தீர்ப்பு பொது ஆவணம் அல்லவா, அதை எப்படி எடுப்பது என்பதே அங்கே எழுந்த கேள்வி.

ஐரோப்பாவில் இதற்கு முன்பே ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. ஸ்பெயின் தேசத்தில் மரியோ கோஸ்தேஹா என்பவரின் வீடு கடனுக்காக ஏலத்துக்கு வந்த அறிவிப்பு 1998இல் பத்திரிகையில் வந்தது. கடன் விவகாரம் தீர்ந்து பல வருஷமான பிறகும் கூகுள் அதையே காட்டிக் கொண்டிருந்தது. 2014 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம், பத்திரிகையின் பக்கம் இருக்கட்டும், பெயரைத் தேடினால் வருகிற இணைப்பைக் கூகுள் நீக்க வேண்டும் என்றது. பொது வாழ்வில் இருப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது என்றும் சேர்த்துச் சொன்னது.

நம் நாட்டில் 2023இல் வந்த தனிநபர் தரவுச் சட்டம் இதற்கு உதவுமா? சட்டப்படி பகிரங்கமாக்கப்பட வேண்டிய விவரங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தில் கைவைத்து, ‘இது தனிநபர் விவரம்’ என்று சொல்லி அதிகாரிகள் பதில் மறுக்கும் வழியை அகலப்படுத்தியது. சாமானியனுக்கு மறைப்பு இல்லை. மேலே இருப்பவனுக்குத் திரை கிடைத்தது.

இங்கேதான் நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். விடுதலையானவர் பெயரையெல்லாம் அழித்துவிடு என்று கேட்கலாமா? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். நாகப்பட்டினம் கோர்ட்டு தண்டித்த நிலப்பிரபுக்களை 1973இல் ஹைகோர்ட் விடுதலை செய்தது. விடுதலையானவர்களின் பெயரையெல்லாம் அழிப்பது என்று விதி வைத்தால், வெண்மணியின் பக்கத்தையும் அழிக்க வேண்டி வரும்! போபாலில் 1984இல் விஷவாயு விட்ட யூனியன் கார்பைடின் பக்கத்தையும் துடைக்கச் சொல்லுவார்கள். சம்மதிப்போமா?

ஆகவே நம் கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். கைதுச் செய்தி இருக்கிற அதே பக்கத்தில் விடுதலைச் செய்தியும் ஏற வேண்டும். அதிகாரமோ பதவியோ இல்லாத சாதாரண ஆளின் பெயர், வழக்கு முடிந்த பின் தேடலில் வராதபடி மறைய வேண்டும். பொது அதிகாரமும் ஜனங்களின் உயிரும் சம்பந்தப்பட்டது ஒருநாளும் மறையக்கூடாது.

சட்டம் வரும் வரை சும்மா இருக்க முடியாது. செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன்.

விடுதலைத் தீர்ப்போ, வழக்கு ரத்தான உத்தரவோ கிடைத்தவுடன் அதன் சான்றிட்ட நகலை வாங்குங்கள். ஒன்று வீட்டில், ஒன்று யூனியன் ஆபீசில். பூந்தமல்லி கோர்ட்டுக்கும் அம்பத்தூர் கோர்ட்டுக்கும் வருஷக்கணக்கில் நடந்தவர்கள், இந்த ஒரு நகலுக்காக இன்னொரு நாள் நடக்கத் தயங்க வேண்டாம்.

கைதுச் செய்தி போட்ட பத்திரிகைக்கு நகலுடன் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அழிக்கச் சொல்லுவதைவிட, முடிவையும் சேர்க்கச் சொல்லுங்கள். மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம். மறுத்தால் பிரஸ் கவுன்சிலுக்குத் தாமதமில்லாமல் புகார் அனுப்பலாம்.

‘பெயரைச் சுத்தம் செய்து தருகிறோம்’ என்று பணம் கேட்கிற ஏஜெண்டுகளிடம் ஏமாறாதீர்கள். பிறருடைய பக்கத்தை அழிக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. உங்கள் பெயரில் வேறு பத்துப் பக்கம் எழுதி, பழையதைக் கீழே தள்ளுவார்கள். பணம் நின்றால் பழையது மேலே வரலாம்.

வேலை விண்ணப்பத்தில் கேட்ட கேள்விக்கு உள்ளதை எழுதுங்கள். ‘கைதானதுண்டா’ என்பது வேறு, ‘தண்டனை பெற்றதுண்டா’ என்பது வேறு; இரண்டையும் குழப்ப வேண்டாம். மறைத்ததையே காரணம் காட்டி வேலையைப் பறிப்பார்கள். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை ஒருவர் சொல்லாமல் விட்டிருந்தால், முதலாளி அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்று 2016இல் அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை நம் வக்கீல்கள் கையில் வைத்திருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. இதைத் தனி ஆள் தனியாகச் செய்தால் களைத்துப் போவான். ஒவ்வொரு யூனியன் கிளையும், விவசாயத் தொழிலாளர் கிளையும் ஒரு நோட்டுப் போடட்டும். யார் மேல் என்ன கேஸ், எப்போது விடுதலை, எந்தப் பக்கத்தில் பழைய செய்தி கிடக்கிறது என்று அதில் எழுதட்டும். சம்பந்தப்பட்ட தோழர் சம்மதித்தால் விடுதலைச் செய்தியை நம் பத்திரிகையில் போடுவோம். சேர்ந்து போராடிய போதுதான் அவன் மேல் கேஸ் விழுந்தது. அந்தக் கறையைத் துடைக்கிற வேலையும் நம் எல்லோருடையது. அடுத்த கிளைக் கூட்டத்திலேயே நோட்டைத் திறவுங்கள், தோழர்களே!