யாருக்கான நிகழ்ச்சி? குழந்தைத் தொலைக்காட்சியும் பெரியவர்களின் ஏக்கமும்



அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு ஒரு டிவிடி தொகுப்பு வெளிவந்தது. 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியின் தொடக்க ஆண்டுப் பகுதிகள் அதில் இருந்தன. தொகுப்பைப் போட்டதும் ஓர் எச்சரிக்கை வரும்: இவை பெரியவர்களுக்கானவை, இன்றைய பாலர் வயதுக் குழந்தையின் தேவைக்குப் பொருந்தாமல் போகலாம். அந்த நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்தவர்களில் சிலர் சிரித்தார்கள், பலர் கோபப்பட்டார்கள். 'இதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம், கெட்டா போய்விட்டோம்?' என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி போலத்தான் தோன்றும். ஆனால் அந்த எச்சரிக்கையே சரி என்பது என் கட்சி. குழந்தைப் பருவத்தில் பார்த்த நிகழ்ச்சியின் மேல் நமக்குள்ள ஏக்கம் உண்மையானது, மதிக்கத் தக்கது. ஆனால் அந்த ஏக்கம் இன்றைய குழந்தைக்கு எது நல்லது என்று தீர்ப்புச் சொல்லத் தகுதியற்றது. அந்த நிகழ்ச்சிகளிலிருந்து நாம் வாரிசுரிமையாகப் பெறவேண்டியது, அவற்றை உருவாக்கியவர்கள் குழந்தையைக் கவனித்த முறைதான். அதை விட்டுவிட்டு நிகழ்ச்சியை மட்டும் கட்டிக்கொண்டால், அந்த நிகழ்ச்சியின் நோக்கத்துக்கே எதிராகப் போவோம்.

செசமி ஸ்ட்ரீட் பிறந்த விதத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஜோன் கான்ஸ் கூனியும் லாயிட் மோரிசெட்டும் தொடங்கிய அந்த முயற்சியின் நோக்கம், ஏழைக் குழந்தைகள் பள்ளியில் சேரும்போதே பின்தங்கி நிற்பதைத் தொலைக்காட்சியால் ஓரளவேனும் குறைக்க முடியுமா என்று பார்ப்பது. முதல் ஒளிபரப்பு 1969 நவம்பர் 10. அதற்கு முன்பே ஆய்வாளர் எட்வர்டு பால்மர் ஒரு சோதனை முறையை வகுத்திருந்தார். குழந்தையின் முன்னால் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி ஓடும். பக்கத்தில் இன்னொரு திரையில் ஏழரை நொடிக்கு ஒருமுறை வேறு வேறு படம் மாறிக்கொண்டே இருக்கும். குழந்தையின் கண் எந்த நொடியில் தொலைக்காட்சியை விட்டு நகர்கிறது என்று ஒருவர் குறித்துக்கொள்வார். மனிதர்களையும் பொம்மைகளையும் ஒரே காட்சியில் கலக்கக் கூடாது, குழந்தை குழம்பிவிடும் என்று நிபுணர்கள் முதலில் அறிவுரை சொல்லியிருந்தார்கள். அப்படியே எடுத்த முன்னோட்டப் பகுதிகளைக் குழந்தைகளுக்குக் காட்டியபோது, பொம்மைகள் இல்லாத தெருக் காட்சி வந்ததும் கண்கள் விலகின. நிபுணர் சொன்னதை ஒதுக்கிவிட்டுக் குழந்தை சொன்னதைக் கேட்டார்கள். பிக் பேர்டு என்ற பெரிய மஞ்சள் பறவையும், குப்பைத் தொட்டியில் வாழும் ஆஸ்கரும் தெருவுக்கு வந்தது அப்படித்தான். இன்று பெரியவர்கள் ஏங்கும் அந்தத் தெருவே ஒரு திருத்தத்தின் விளைவு.

திருத்தம் அதோடு நிற்கவில்லை. 1971 முதல் பிக் பேர்டுக்கு ஸ்னஃபில்பகஸ் என்றொரு நண்பன் உண்டு. யானை போன்ற, கம்பளி ரோமம் போர்த்த பெரிய உருவம். பெரியவர்கள் வருவதற்குள் அது எப்படியோ நகர்ந்துவிடும். பறவை சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள். 14 ஆண்டுகள் ஓடிய நல்ல நகைச்சுவை அது. 1985இல் அதை முடித்துவைத்தார்கள். பெரியவர்கள் ஸ்னஃபில்பகஸை நேரில் பார்த்தார்கள். காரணம், குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை பற்றி அப்போது வெளிவந்துகொண்டிருந்த செய்திகள். உண்மையைச் சொன்னாலும் பெரியவர்கள் நம்பமாட்டார்கள் என்று ஒரு குழந்தை நினைத்துவிட்டால், சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடும் என்று அஞ்சினார்கள். அதற்கு முன், கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982இல் காலமானபோது, அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று கதை கட்டியிருக்கலாம். மாறாக, 1983 நவம்பரில் ஒளிபரப்பான பகுதியில், பிக் பேர்டு தான் வரைந்த படத்தை ஹூப்பருக்குக் கொடுக்கத் தேடுகிறது. இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்று பெரியவர்கள் அதற்கு நேரடியாகச் சொல்கிறார்கள். 1992இல் பெற்றோர் மணமுறிவு பற்றி ஒரு முழுப் பகுதியை எடுத்து முடித்தார்கள். ஒளிபரப்புக்கு முன் குழந்தைகளுக்குக் காட்டியபோது, அவர்கள் புரிந்துகொண்டது வேறாக இருந்தது. அப்பா அம்மா சண்டை போட்டாலே பிரிந்துவிடுவார்கள் என்று கலங்கினார்கள். செலவைப் பாராமல் அந்தப் பகுதியை ஒளிபரப்பாமலே நிறுத்திவிட்டார்கள்.

இந்த முறைக்குப் பலன் இருந்ததா? மெலிசா கியர்னி, பிலிப் லெவின் என்ற இரு பொருளியலாளர்கள் இதற்கு ஓர் இயற்கைச் சோதனையைப் பயன்படுத்தினார்கள். தொடக்கத்தில் அலைவரிசை வரம்பால் அமெரிக்க மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குத்தான் நிகழ்ச்சி எட்டியது. எட்டிய இடத்தையும் எட்டாத இடத்தையும் ஒப்பிட்டபோது, எட்டிய இடங்களின் குழந்தைகள் வயதுக்குரிய வகுப்பிலிருந்து பின்தங்குவது குறைவு என்று தெரிந்தது. வறிய பகுதிகளிலும் கறுப்பினக் குழந்தைகளிடமும் இந்தப் பலன் கூடுதல். ஆக, செசமி ஸ்ட்ரீட்டின் பெருமை கணக்கில் வரும் பெருமை. ஆனால் அந்தப் பலனைத் தந்தது, குழந்தைக்கு ஒத்துவராததை விட்டுவிடும் துணிவு. 1998இல் 'எல்மோஸ் வேர்ல்டு' என்ற பகுதியைச் சேர்த்தபோது பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். பார்க்கும் குழந்தைகளின் வயது குறைந்திருந்தது, ஒரு மணி நேர நிகழ்ச்சியின் கடைசியில் அவர்கள் கவனம் சோர்ந்தது. அதனால் வந்த மாற்றம் அது. முகம் சுளித்தவர்களோ முப்பதைத் தொட்டிருந்தார்கள்.

என் வாதத்துக்கு முதல் மறுப்பு இது: 'பழைய நிகழ்ச்சிகள் உண்மையிலேயே தரமானவை, மாற்றாமலே நிலைக்கின்றனவே.' ஆர்.கே. நாராயணின் கதைகளை வைத்து ஷங்கர் நாக், ஆகும்பேயில் படமாக்கித் தூர்தர்ஷனுக்குத் தந்த 'மால்குடி டேஸ்' தொடரைச் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன், இன்றும் அதில் ஒரு காட்சிகூடத் தேயவில்லை. ஆனால் அது முடிந்த படைப்பு, ஒரு நாவலைப் போல. நாவலைத் திருத்த வேண்டாம், பாதுகாத்தால் போதும். நாள்தோறும் ஒரு நான்கு வயதுக் குழந்தைக்கு எண்ணும் எழுத்தும் துணிவும் கற்றுத்தர வரும் நிகழ்ச்சியின் கடமை வேறு. மேலும், நினைவில் நிற்பவை மட்டுமே நல்லவையாகத் தோன்றுவது இயல்பு. அமெரிக்காவில் 1980களில் ஒளிபரப்பு விதிகள் தளர்ந்தபோது, விளையாட்டுப் பொம்மைகளை விற்பதற்காகவே வந்த 'ஹீ-மேன்', 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' கார்ட்டூன்களுக்கும் அதே அளவு ஏக்கம் இன்று உண்டு. அக்கறையோடு செய்ததையும் விற்பனைக்குச் செய்ததையும் ஏக்கம் ஒரே தட்டில் வைக்கிறது. அப்படியென்றால் அதைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்வது எப்படி?

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: 'மாற்றம் எப்போதும் குழந்தைக்காக நடப்பதில்லை, வியாபாரத்துக்காகவும் நடக்கிறது.' இது முற்றிலும் உண்மை. 2016 முதல் செசமி ஸ்ட்ரீட்டின் புதிய பகுதிகள் முதலில் எச்பிஓ என்ற கட்டணச் சேனலில் வந்தன. பொதுத் தொலைக்காட்சிக்கு ஒன்பது மாதம் கழித்தே வந்தன. ஏழைக் குழந்தைக்காகப் பிறந்த நிகழ்ச்சி, பணம் கட்டும் வீட்டுக்கு முதலில் போனது. பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். இந்த முறை நியாயம் அவர்கள் பக்கம். 'நான் பார்த்தது போல இல்லையே' என்பது ஒரு கோபம். 'எனக்கு இலவசமாகக் கிடைத்தது இன்றைய ஏழைக் குழந்தைக்குக் காத்திருந்து கிடைக்கிறதே' என்பது வேறு கோபம். 'எல்மோஸ் வேர்ல்டு' வந்தபோது எழுந்தது முதல் வகை, இது இரண்டாம் வகை. இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது: மாற்றத்தையும் மாற்றாமையையும் ஒரே கேள்வியால்தான் சோதிக்க வேண்டும். இதனால் எந்தக் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது?

அந்தக் கேள்வியை நம் பக்கமும் திருப்புவோம். 2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் 'ராமாயண்', 'சக்திமான்' போன்ற பழைய தொடர்களை மறுஒளிபரப்பியபோது பெரியவர்கள் மகிழ்ந்தார்கள். தவறில்லை. ஆனால் அதே மாதங்களில் பள்ளி மூடிக் கிடந்தது, வீட்டிலிருந்த ஆறு வயதுக் குழந்தைக்குப் புதிதாக என்ன எடுத்தோம் என்ற கேள்வி அந்த மகிழ்ச்சியில் மறைந்துபோனது. தமிழில் 2007இல் வந்த சுட்டி டிவியைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று இருபதுகளில் இருக்கிறார்கள். 'ஜாக்கி சான்' கார்ட்டூனின் தமிழ்க் குரல்களை அவர்கள் மீம் போட்டுக் கொண்டாடுகிறார்கள். அவர்களுக்கு இனித்தது, வெளிநாட்டுக் கதை நம் வீட்டுப் பேச்சில் பேசியதுதான். அந்தப் பேச்சை எழுதியவர்கள், குரல் கொடுத்தவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த உழைப்பின் மேல் உண்மையான பற்று இருந்தால், பழைய பகுதிகளை மீண்டும் போடுங்கள் என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ள மாட்டோம். இன்றைய நான்கு வயதுக் குழந்தைக்குத் தமிழில் எழுத யாருக்குச் சம்பளம் கொடுக்கிறோம் என்றும் கேட்போம்.

ஓர் அறக்கட்டளையில் மூலதனத்தைத் தொடமாட்டார்கள். வட்டியை ஆண்டுதோறும் புதிய பணிக்குச் செலவிடுவார்கள். குழந்தை நிகழ்ச்சிகளிலும் இதுவே முறையாக வேண்டும். பழைய நாடாக்களைக் காப்பகத்தில் சிதையாமல் வையுங்கள். ஆய்வாளரும் ஏங்குபவரும் அங்கே போய்ப் பார்க்கட்டும். ஒளிபரப்பு நேரமும் பணமும் புதிய நிகழ்ச்சிக்குப் போகட்டும். அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் முன் ஓர் அங்கன்வாடியில் குழந்தைகளுக்குக் காட்டப்படட்டும். அவர்கள் கண் விலகிய இடத்தைத் தயாரிப்பாளர்கள் குறித்துக்கொண்டு, தயக்கமில்லாமல் வெட்டட்டும். அப்படிச் செய்தால் நாம் நேசித்த நிகழ்ச்சியைப் போல ஒன்று வராமல் போகலாம். நாற்பது வயதில் நமக்கு அது பிடிக்காமலும் போகலாம். பிடிக்கவேண்டியது நமக்கில்லை என்பதை ஏற்பதுதான், நம்மை வளர்த்த அந்த நிகழ்ச்சிகளுக்கு நாம் செலுத்தக்கூடிய நேர்மையான மரியாதை.