இரண்டு பழைய இத்தாலி சைக்கிள்கள்

(நம் சங்கத்தின் பொங்கல் ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிடம் தந்திருக்கிறார். வங்கிக் கவுன்ட்டரில் காலம் தள்ளியவன் நான், நேரத்துக்கு முடித்துவிடுவேன்.

போன வருடம் மூன்று மாதம் எங்கள் வீடு பூட்டிக் கிடந்ததே, அப்போது நானும் மனைவியும் இத்தாலியில் லேக்கோ என்ற ஊரில் மகன் வீட்டில் இருந்தோம். மலையும் ஏரியுமாக அழகான ஊர். மகனுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. அதற்குள் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது. டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னார். இவன் சைக்கிள் வாங்குகிறேன் என்றான். அதுவும் புதிது வேண்டாமாம், பழைய ஸ்டீல் சைக்கிள்தான் வேண்டுமாம்.

அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் ஷெட்டிலிருந்து இரண்டு சைக்கிளை எடுத்து வந்து நிறுத்தினார். இரண்டும் 1980களில் செய்தவை, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலாவது சிவப்புக் கொல்னாகோ. மிலான் பக்கத்தில் காம்பியாகோ என்ற சிற்றூரில் எர்னஸ்டோ கொல்னாகோ 1954இல் தொடங்கிய பட்டறையின் பெயர் அது. 1972இல் மெக்சிகோவில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை செய்தது அவர் செய்துகொடுத்த சைக்கிளில்தான். எங்கள் முன்னால் நின்றதில் பெயின்ட் முதலில் அடித்தபடியே இருந்தது. குரோமில் முகம் பார்க்கலாம்.

இரண்டாவது பியாங்கி. 1885இல் மிலானில் பிறந்த நிறுவனம். அவர்களுடைய வெளிர் பச்சை கலந்த நீலத்துக்கு 'செலெஸ்தே' என்று பெயர். ஃபவுஸ்தோ கோப்பி 1949இல் இத்தாலி, பிரான்ஸ் சுற்றுப் போட்டிகள் இரண்டையும் வென்றது இந்த நிறுவனத்தின் சைக்கிளில். ஆனால் இந்த வண்டிக்கு யாரோ மறுபடி பெயின்ட் அடித்திருந்தார்கள். சீட் கம்பி வேறு துருவேறி இறுகிக் கிடந்தது. ஸ்டீல் குழாய்க்குள் அலுமினியக் கம்பி வருடக்கணக்கில் கிரீஸ் இல்லாமல் கிடந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

நான் உடனே சிவப்பைக் கை காட்டினேன். காமர்ஸ் படித்த புத்தி, விற்றால் என்ன கிடைக்கும் என்றுதான் கணக்குப் போடும். மறு பெயின்ட் என்றால் எனக்கு அடித்தல் திருத்தல் உள்ள செக் மாதிரி. மருமகள்தான் கேட்டாள்: "மாமா, நாம இதை விக்கப் போறோமா, இவர் ஓட்டப் போறாரா?"

பிறகுதான் ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தோம். முதலில் உயரம். கொல்னாகோவின் பிரேம் 56 செ.மீ., மகனுக்குப் பொருந்துவது 53. காலை ஊன்றி நின்றால் பார் இடித்தது. பியாங்கி சரியாக 53.

அடுத்து கியர். சிவப்பில் முன்னால் சின்னச் செயின்வீலில் 42 பல், பின்னால் பிரீவீலின் பெரிய சக்கரத்தில் 21. பெடலை ஒரு சுற்று மிதித்தால் டயர் இரண்டு சுற்று சுற்றும். சுமார் 4.2 மீட்டர். பந்தயக்காரனுக்குச் சரி, மேட்டில் இவனுக்கு முழங்கால் போய்விடும். பியாங்கியில் முன்னால் 36, பின்னால் 26. ஒரு மிதிக்கு 2.9 மீட்டர்தான். வேகம் குறைவு, ஆனால் ஏறும்.

மிச்சமிருந்தது அந்த மறு பெயின்ட். அடிபட்ட பிரேமைப் பெயின்ட் மறைக்கும். வேகமாக இறங்கும்போது அது மடங்கினால் சைக்கிளோடு போவதில்லை. அதனால் ஹேண்டில் தலைக்குழாயை ஒட்டி, மேல் குழாய், கீழ்க் குழாய் இரண்டின் அடிப்பக்கத்திலும் விரலை ஓட்டிப் பார்த்தேன். எங்காவது முட்டியிருந்தால் அங்கேதான் சின்ன மடிப்பாக வீங்கும். ஒன்றுமில்லை. பிறகு பின் சக்கரத்தைக் கழற்றி, அச்சு உட்காரும் இடத்தில் ஒரு நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி மறுபக்கத்துக்குக் கொண்டுவந்தோம். நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தால் சமமாக இருக்க வேண்டும். இருந்தது. பெரியவர் என் நூலைப் பார்த்துச் சிரித்துவிட்டு எனக்கு ஒரு காபி கொடுத்தார். அங்கே காபி என்றால் இரண்டு மடக்குதான், அது வேறு கதை.

சீட் கம்பியைக் கழற்றித் தந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றோம். எண்ணெய் விட்டு ஊறவைத்து நாலு நாளில் எடுத்துவிட்டார். மிதி அச்சின் மறையை மட்டும் மாதம் ஒருமுறை பார்க்கச் சொன்னார். இத்தாலி பிரேமில் இரண்டு பக்கமும் வலம்புரி மறை, அதனால் வலது பக்கம் ஓட்டத்தில் தானாக இளகும்.

அக்டோபரில் மகன் வீடியோவில் கூப்பிட்டான். கோமோ ஏரிக்கு மேலே 754 மீட்டர் உயரத்தில் கிசல்லோ மாதா கோயில் இருக்கிறது. சைக்கிள்காரர்களின் காவல் தெய்வம். அந்த வாசலில் நின்றிருந்தான். முதல் ஒரு நிமிடம் மூச்சிரைப்புதான் கேட்டது. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினானாம். சர்க்கரைக்கு அடுத்த பரிசோதனை மார்ச் மாதம்.

நம் பேஸ்மென்ட்டில் தூண் ஓரமாக ஏழு சைக்கிள்கள் தூசியோடு நிற்கின்றன, எண்ணிப் பார்த்தேன். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நூலும் டேப்பும் கிரீஸ் டப்பாவுமாக அங்கே இருப்பேன். பூட்டுச் சாவி வைத்திருப்பவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள்.