நகராத இருக்கை

(ஆசிரியர் பயிற்சிப் பணிமனை ஒன்றில் தொழிற்கல்வி ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேல்நிலை வகுப்பில் மோட்டார் வாகனப் பாடம் எடுப்பவன். எங்கள் பாடத்தில் ‘கழற்றும் முறையை எழுதுக’ என்ற வினா அடிக்கடி வரும். பிள்ளைகள் படி ஒன்று, படி இரண்டு என்று அழகாக எழுதிவிடுவார்கள். அந்தப் படி ஒன்றே நடக்காமல் போனால் என்ன செய்வது? அதை நாம் எங்கும் கேட்பதில்லை. ஆனால் பழுதுபார்க்கும் கடைக்கு வருகிற வண்டி எதுவும் நன்றாக இருப்பதால் வருவதில்லை.

இதற்காக நான் வகுப்பில் ஒரு பழைய அமெரிக்கக் காரின் இருக்கையை எடுத்துக்கொள்வதுண்டு. கார் நம் பள்ளிக்கு வரப்போவதில்லை. கரும்பலகையும் சாக்பீஸும் போதும்.

1960களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் கேடிலாக், ப்யூக் போன்ற கார்களில் மின்சாரத்தால் நகரும் இருக்கையைப் பொருத்தியது. ‘ஆறு வழி இருக்கை’ என்று பெயர். முன்னே, பின்னே நகரும். முன் விளிம்பு தனியாகவும் பின் விளிம்பு தனியாகவும் ஏறி இறங்கும். பெஞ்சு போல நீளமான அந்த இருக்கைக்கு அடியில் ஒரே ஒரு மோட்டார்தான். அதோடு மூன்று சாலினாய்டுகள். எந்த அசைவுக்கு எந்தப் பல்சக்கரம் இணைய வேண்டுமோ அதை அவை இணைத்துவிடும். அங்கிருந்து, நம் ஸ்கூட்டரின் ஸ்பீடோமீட்டர் கேபிள் போலச் சுழலும் கேபிள்கள் இரண்டு பக்கத்துத் தண்டவாளங்களுக்கும் போகும்.

இருக்கையைத் தரையோடு பிடித்திருப்பவை மூலைகளில் உள்ள போல்ட்டுகள். முன்பக்க போல்ட் கண்ணில் பட வேண்டுமானால் இருக்கை பின்னால் போக வேண்டும். பின்பக்க போல்ட்டுக்கு அது முன்னால் வர வேண்டும். கையேடுகள் பெரும்பாலும் முதலில் இருக்கையை நகர்த்தச் சொல்கின்றன. இருக்கை நடுவில் நின்றுபோயிருக்கிறது. மோட்டாரைப் பார்க்க இருக்கையைக் கழற்ற வேண்டும். இருக்கையைக் கழற்ற மோட்டார் ஓட வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய பீரோ மாதிரிதான்.

இதைப் படமாக வரைந்துவிட்டு நான் சொல்வேன்: “இனி நான்தான் கார். என்னிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன்.”

முதல் குரல் எப்போதும் ஒன்றுதான். “கடப்பாரை வச்சு நெம்பிடலாம் சார்.” நெம்பலாம். தண்டவாளம் வளையும். அந்தத் தண்டவாளத்தை இப்போது தொழிற்சாலையில் யாரும் செய்வதில்லை. வேறொரு பழைய காரிலிருந்துதான் எடுக்க வேண்டும். வண்டி அடுத்தவருடையது என்பதையும் சொல்லி வைப்பேன்.

ஒருமுறை கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தி, “சார், பொத்தானை அழுத்தும்போது உள்ளே இருக்கிற லைட் மங்குதா?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. விளக்கு மங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, ஏதோ ஒன்று அதைச் சுழலவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. மங்கவே இல்லை என்றால் வழியில் எங்கோ மின்சாரம் அறுந்திருக்கிறது. மோட்டார் சுழலும் சத்தம் கேட்டும் இருக்கை அசையாவிட்டால் சாலினாய்டு வேலை செய்யவில்லை, அல்லது கேபிள் போய்விட்டது. ஒரு பக்கம் மட்டும் நகர்ந்து இருக்கை கோணினால் ஒரு பக்கத்துக் கேபிள் அறுந்திருக்கும். அப்போது உடனே கையை எடுத்துவிட வேண்டும். மேலும் அழுத்தினால் இருக்கை இன்னும் கோணி இறுகும். இத்தனைக்கும் இன்னும் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை.

மின்சாரம் அறுந்திருந்தால் எளிதானதிலிருந்து தேட வேண்டும். பேட்டரி, சர்க்யூட் பிரேக்கர், பொத்தான், பிறகு இருக்கைக்கு அடியில் உள்ள எர்த் இணைப்பு. பழைய காரில் தரைவிரிப்பு ஈரம் குடித்துக் குடித்து அந்த இணைப்பு துருப்பிடித்திருக்கும். சுத்தம் செய்தாலே இருக்கை நகர்ந்துவிடுவதும் உண்டு. அதிலும் நகராவிட்டால் மோட்டாருக்கு நேரடியாக பேட்டரியிலிருந்து, நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்து, மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். அதற்குமுன் காரின் வயதைக் கேட்க வேண்டும். 1950களின் நடுப்பகுதிவரை வந்த அமெரிக்கக் கார்கள் பலவற்றில் 6 வோல்ட் பேட்டரிதான், 12 அல்ல.

இயற்பியல் ஆசிரியர்கள் கொஞ்சம் கவனியுங்கள். மோட்டார் சுழல்கிறது, ஆனால் நமக்கு வேண்டிய திசைக்கு எதிராகச் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். “வயரை மாத்திக் கொடுங்க சார், திரும்பிச் சுத்தும்” என்பார்கள். அவர்கள் பிரித்துப் பார்த்த பொம்மைக் காரில் அப்படித்தான் நடக்கும், ஏனென்றால் அதில் இருப்பது நிலைக்காந்தம். இந்தப் பழைய மோட்டாரில் நிலைக்காந்தம் கிடையாது. புலத்துக்கும் கம்பிச்சுருள்தான். இரு முனைகளையும் மாற்றினால் புலமும் மாறும், ஆர்மேச்சரின் மின்னோட்டமும் மாறும். இடக்கை விதியில் இரண்டு விரலையும் ஒருசேரத் திருப்பினால் கட்டைவிரல் பழைய திசையையே காட்டும். மோட்டார் முன்பு சுற்றிய பக்கமே சுற்றும். அதனால்தான் அதில் இரண்டு புலச்சுருள்கள் வைத்தார்கள். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. மின்சாரத்தை அடுத்த வயருக்கு மாற்றிக் கொடுத்தால் திசை மாறும். சாலினாய்டுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றும். இடக்கை விதியைப் பத்து முறை எழுதச் சொல்வதைவிட இந்த ஒரு கேள்வி வேலை செய்கிறது என்பது என் அனுபவம்.

மோட்டாரே எரிந்து போயிருந்தால்? கேபிளை மோட்டாரிலிருந்து உருவி, அதன் சதுர முனையை டிரில் மெஷினில் பிடித்து, மெதுவாகச் சுழற்றலாம். மோட்டார் செய்யும் வேலையை டிரில் செய்துவிடும். வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரே பக்கமாக ஓட்டினால் மேலே சொன்ன கோணல் வந்துவிடும். பல ஆண்டுகள் நின்ற காரில் கிரீஸ் மெழுகாக உறைந்திருக்கும். துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு காத்திருப்பது நல்லது. தீப்பந்தம் காட்டும் யோசனையை மட்டும் கேட்டவுடனே மறுத்துவிடுவேன். மேலே இருப்பது பஞ்சும் துணியும்.

இருக்கை ஏதாவது ஒரு கோடியில் போய் நின்றிருந்தால் அந்தப் பக்கத்து வழி திறந்திருக்கும், மீதி இரண்டு போல்ட் மட்டும்தான் சிக்கல். எந்த வழியும் சரிப்படாவிட்டால் குட்டையான ராட்செட்டை இடுக்கில் நுழைக்கலாம். சில கார்களில் வண்டிக்கு அடியிலிருந்து நட்டை எட்டலாம். போல்ட்டின் தலையை அறுப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

இன்னொன்று. ‘எந்த வேலைக்கும் முன் பேட்டரி இணைப்பை எடு’ என்று நாமே சொல்லிக் கொடுத்திருப்போம். இங்கே முதலில் எடுத்தால் இருக்கையை நகர்த்த முடியாது. நகர்த்தி முடித்த பிறகுதான் எடுக்க வேண்டும். விதிக்குக் காரணம் தெரிந்த மாணவன் இதைத் தானாகச் சொல்கிறான். மனப்பாடம் செய்தவன் திகைத்து நிற்கிறான்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், இதில் எங்களுக்கு என்ன என்று நினைக்கலாம். சிக்கிக்கொண்ட ஜிப், திறக்காத டிபன் பாக்ஸ், எழுதாத பேனா இவற்றில் ஒன்றை மேசைமேல் வையுங்கள். தொடக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

மதிப்பெண் எப்படி என்று நேற்று ஒருவர் கேட்டார். நான் 10க்குப் போடுகிறேன். தொடுவதற்கு முன் கேட்ட கேள்விகளுக்கு 5, எளிதானதிலிருந்து கடினமானதற்குப் போன வரிசைக்கு 3, பொருளுக்கும் கைக்கும் சேதம் வராமல் யோசித்ததற்கு 2. இருக்கை கடைசியில் கழன்றதா என்பதற்குத் தனி மதிப்பெண் இல்லை. கடப்பாரை கேட்ட மாணவனுக்கும் பிற்பாடு நல்ல கேள்வி கேட்டால் முழு மதிப்பெண் உண்டு. சென்ற ஆண்டு அப்படி ஒருவன் வாங்கினான். “இருக்கையை விட்டுட்டு மேல் மெத்தையை மட்டும் முதல்ல கழட்ட முடியுமா சார்?” என்று கேட்டான். சில கார்களில் முடியும்.