வன்னிக்குப் பயணம் போகும்போது
(ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் வீட்டாருக்கு ஆற்றிய உரை)



சித்திரை லீவு, வைகாசிப் பொங்கல், சொந்தக்காரர் கல்யாணம் என்று நம் தோட்டத்து ஆட்கள் வன்னிப் பக்கம் கிளம்புவது புதிய விடயம் இல்லை. 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டுப் போன குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காடு வெட்டிக் குடியேறின. கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற இடங்களில் இன்றைக்கும் நம் தோட்டத்துப் பேரைச் சொன்னால் "எந்த டிவிசன்?" என்று திருப்பிக் கேட்கிற வீடுகள் உண்டு. அந்த உறவு விட்டுப்போகக் கூடாது. அதனால்தான் இன்று இந்த விடயத்தைப் பேச எடுத்தோம்.

ஒன்று கேட்கிறோம். கடைசியாக வேன் பிடித்து எல்லாரும் போன பயணத்தில் வீட்டில் நின்றது யார்? ஓட்டிசம் உள்ள பிள்ளை இருக்கிற வீடென்றால் பெரும்பாலும் விடை ஒன்றுதான். அந்தப் பிள்ளையும், அதைப் பெற்றவளும். ஒரு அம்மா எங்களிடம் சொன்னார்: "தங்கச்சி கிளிநொச்சியில வாக்கப்பட்டு ஒம்பது வருஷமாச்சு. அவ புள்ளைங்க மூஞ்சிய போன்லதான் பாத்திருக்கேன். ஒரு தடவ கெளம்பி மாத்தளையிலயே திரும்பி வந்துட்டோம்."

மாத்தளையில் என்ன நடந்தது? "வந்ததே வந்தோம், இந்தக் கோயிலையும் பாத்துட்டுப் போயிருவோம்" என்று யாரோ சொல்ல, வேனை நிறுத்திவிட்டார்கள். மகனுக்குச் சொல்லியிருந்தது சித்தி வீட்டுக்குப் போகிறோம் என்பது மட்டும். வண்டி நின்றது, கதவு திறந்தது, மேளச் சத்தம். அவன் ரோட்டில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டு கத்தத் தொடங்கினான். சுற்றி நின்றவர்கள் பேய் என்றார்கள், வளர்ப்புச் சரியில்லை என்றார்கள். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கோயில் பார்க்க ஆசைப்பட்டது குற்றமா? ஆனாலும் அன்றோடு அந்த அம்மாவின் பயணம் முடிந்துபோனது.

ஓட்டிசம் பேயும் இல்லை, பெற்றவள் செய்த பாவமும் இல்லை. மூளை வளர்கிற விதத்தில் உள்ள வித்தியாசம் அது. இலங்கையில் ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2009ல் வெளியான ஓர் ஆய்வு, 93 பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை என்று கணக்குச் சொன்னது. ஆகவே ஏதோ ஒரு லயத்துக்கு மட்டும் வந்த சங்கதி என்று நினைக்க வேண்டாம். 1943ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 11 பிள்ளைகளைப் பற்றி விரிவாக எழுதினார். எல்லாம் போன தடவை இருந்த மாதிரியே இருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் பிடிவாதமாக நின்றதை அப்போதே அவர் குறித்து வைத்தார். நமக்கு ரோட்டு மாறினால் "சரி, இதுவும் ஒரு வழி" என்று போய்விடுவோம். அவர்களுக்கு அந்த இடத்தில் காலடி மண்ணே நகர்ந்த மாதிரி. அதோடு பலருக்குச் சத்தமும் வெயிலும் துணி உரசுவதும் நம்மைவிடப் பல மடங்கு உறைக்கும்.

வீட்டில் அண்ணன்மார் சொல்வார்கள்: "எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிட்டு போனா அது பயணமா? பெரட்டுக்களத்துல பேர் கூப்பிடுற மாதிரி இருக்கும். நெனச்ச எடத்துல நிப்பாட்டி, நெனச்சத வாங்கித் திங்கிறதுதானே சந்தோஷம்." அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. வருஷம் முழுவதும் சங்குச் சத்தத்துக்கு எழும்பி ஓடுகிற ஆட்கள், லீவிலாவது மணிக்கூட்டை மறக்கத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலை நினைத்துப் பாருங்கள். வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமைதான் பொங்கல். அதற்கு ஒரு வாரம் முந்தியே முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கு ஏற்றிவிடுவார்கள். எந்த நாள் எது நடக்கும் என்பது அந்தப் பகுதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததால் யாருக்காவது சந்தோஷம் குறைந்ததா? நாள் தெரிந்திருப்பதால்தான் எங்கெங்கோ இருந்து சனம் மனம் விட்டு வந்து கூடுகிறது. ஓட்டிசம் உள்ள பிள்ளை கேட்பதும் அதைத்தான், பயணத்தின் ஒழுங்கு தனக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று.

எப்படிச் சொல்வது? வாயால் சொன்னது காற்றோடு போகும். படமாகக் கொடுங்கள். பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் போதும். வரிசையாகக் கட்டம் போட்டு, லயத்து வாசல், வேன், கண்டி, தம்புள்ள, வவுனியா, முறிகண்டி, சித்தி வீடு என்று வரையுங்கள். படம் வராவிட்டால் போனில் உள்ள போட்டோவைக் காட்டுங்கள். சித்தி வீட்டுக் கதவு, படுக்கப் போகிற இடம், கக்கூஸ், இந்த மூன்றையும் தங்கச்சியிடம் சொல்லி முன்கூட்டியே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு இடமும் தாண்டியதும் பிள்ளையே அந்தக் கட்டத்தை வெட்டட்டும். திரும்பி வருகிற வழியையும் கட்டாயம் வரையுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கு எப்போது திரும்புவோம் என்று தெரியாத பிள்ளைக்கு முதல் நாளே பயம் பிடித்துவிடும்.

"முன்னாடியே சொன்னா நாள் முழுக்க அதையே கேட்டுக் கேட்டு உசிர வாங்குவான்" என்று சில தாய்மார் சொல்கிறீர்கள். உண்மைதான். அதற்கு ஒரே கணக்குக் கிடையாது. சில பிள்ளைக்கு ரெண்டு வாரம் முந்திச் சொல்ல வேண்டும், சில பிள்ளைக்கு முதல் நாள் சாயந்தரம் போதும். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குச் சாமான் வாங்கப் போகிறீர்களே, அதில் பழகிப் பாருங்கள். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று ரெண்டு மூன்று தடவையில் தெரிந்துவிடும்.

முறிகண்டியைச் சும்மா சேர்க்கவில்லை. ஏ9 வீதியில் போகிற வாகனம் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் போவது அபூர்வம். கற்பூரம் கொளுத்தி, உண்டியலில் காசு போட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவதுதான் வழமை. ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே காரியம், அதே கச்சான்! இதைவிட நல்ல தரிப்பிடம் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்குமா? உண்டியலில் போடுகிற காசை வீட்டிலேயே பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். பிறகு அங்கே ஒரு மணித்தியாலத்தை அவனுக்கென்று விடுங்கள். அவன் பஸ் டயரையே பார்த்துக்கொண்டு நிற்கலாம், கச்சான் கோதை ஒவ்வொன்றாக எண்ணலாம். எண்ணட்டும். நினைத்தபடி இருக்கிற சந்தோஷம் அவனுக்கும் வேண்டும்தானே? நம் யோசனையில் அந்தத் திடீர்ச் சந்தோஷம் முதலில் அவனுக்குப் போக வேண்டும், மற்றவர்களுடைய திடீர் ஆசைகள் கொஞ்சம் பொறுக்கலாம்.

அண்ணன் தம்பிகளையும் கட்டிப்போட வேண்டாம். அவர்களும் பிள்ளைகள்தான். கிளிநொச்சி போய்ச் சேர்ந்தபின் ரெண்டு கூட்டமாகப் பிரியுங்கள். மாமா ஒரு கூட்டத்தை இஷ்டப்படி கூட்டிக்கொண்டு சுற்றட்டும். அப்பாவோ அம்மாவோ ஓட்டிசம் உள்ள பிள்ளையோடு படத்தில் உள்ளபடி போகட்டும். மறுநாள் ஆள் மாறிக்கொள்ளுங்கள். எப்போதும் அம்மாவே என்று வைத்துவிடாதீர்கள்.

மலைநாட்டில் இருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ரெண்டு சங்கதி உண்டு. ஒன்று சுவெட்டர். இங்கே குளிருக்குப் போட்டுப் பழகிய பிள்ளை வன்னி வெயிலிலும் அதைக் கழற்றாது. பிடுங்கினால் சண்டை. போவதற்கு ரெண்டு வாரம் முந்தியே ஒரு மெல்லிய சட்டையை வீட்டில் போட்டுப் பழக்குங்கள். அது பழசாக, மெதுவாக இருந்தால் நல்லது. சாப்பாடும் அப்படித்தான். ரொட்டியும் மாரி பிஸ்கட்டும் மட்டும் தின்கிற பிள்ளை என்றால் அதைக் கட்டிக்கொண்டு போங்கள். சித்தி சமைத்ததைத் தின்னவில்லை என்று யாரும் கோபிக்க வேண்டாம்.

மற்றது தண்ணீர். இதுதான் உயிர் போகிற விடயம். நம் பிள்ளைகள் பீலியில் குளித்து வளர்ந்தவர்கள். வன்னியில் வளவுக்குள் கிணறு இருக்கும், சிலதுக்குக் கட்டு உயரமாக இராது. பக்கத்தில் வாய்க்கால் ஓடும். கிளிநொச்சிக்கு இரணைமடுக் குளம், வற்றாப்பளைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே நந்திக்கடல். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் மேல் பெரிய இழுப்பு. சொல்லாமல் நழுவிப் போகிற பழக்கமும் பலருக்கு உண்டு. எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். ஒரு நேரத்துக்கு ஒரு ஆள் என்று பேர் சொல்லி ஒப்படையுங்கள். அந்த ஆள் போனைப் பார்க்கக் கூடாது, கதைக்கு உட்காரக் கூடாது. பிள்ளையின் சட்டைப் பையில் பேரும் போன் நம்பரும் எழுதித் தையுங்கள். போன முதல் வேலையாகக் கிணற்றுக்குப் பலகையோ தகரமோ போட்டு மூடச் சொல்லுங்கள்.

வெடிச் சத்தத்துக்கு இவன் பதறுகிறானே என்று வன்னிச் சொந்தக்காரரிடம் வெட்கப்படத் தேவையில்லை. 2009 வரை யுத்தத்துக்குள் இருந்த சனம் அது. திடீர்ச் சத்தம் ஒரு மனுசனை என்ன செய்யும் என்று அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கோயிலில் வெடி எப்போது, மேளம் எப்போது என்று முன்னமே கேட்டு வைத்து, அந்த நேரம் தூரமாக நில்லுங்கள். கூட்டம் கூடுவதற்கு முந்தி விடியற்காலையில் கும்பிட்டுவிட்டு வந்தாலும் அம்மன் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

வளர்ந்த பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. இருபத்தைந்து வயது மகனுக்குச் சின்னப் பிள்ளைக்கு வரைகிற மாதிரி வரைந்து கொடுப்பது அவனுக்கு அவமானமாக இருக்கலாம். அவனிடமே கேளுங்கள், பஸ் நேரத்தையும் ஊர் வரிசையையும் அவனே எழுதட்டும். சிலர் அதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்.

திட்டம் போட்டாலும் டயர் வெடிக்கும், மழை பெய்யும். அதற்காகத்தான் படத்தில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டு, கேள்விக்குறி போடச் சொல்கிறோம். "இந்த இடத்துல என்ன வரும்னு எங்களுக்கும் தெரியாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், வேன் நிற்கும்போது அந்தக் கட்டத்தைக் காட்டலாம். அப்படியும் பிள்ளை உடைந்துபோனால் அடிக்க வேண்டாம், சமாதானம் சொல்லிச் சொல்லிக் களைக்கவும் வேண்டாம். ஆட்களை விலக்கி, நிழலில் இருத்தி, பேசாமல் பக்கத்தில் இருங்கள். அடங்க அரை மணித்தியாலம் ஆனாலும் ஆகட்டும். வேன்காரரிடம் கிளம்பும்போதே இதைச் சொல்லி வைத்தால் அவர் ஹோர்ன் அடித்து அவசரப்படுத்த மாட்டார்.

படம் வரைய உதவி வேண்டியவர்கள் பிள்ளைக்காம்பராவில் பொறுப்பாளரைக் கேளுங்கள். கிரையோனும் தாளும் அங்கே இருக்கிறது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், முதல் கட்டத்தை அவன் கையாலேயே வரையட்டும்.