புது பேட்டரி வாங்குமுன் ஒரு கணக்கு

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த மூத்தவர்களுக்கு பேட்டரி ஒன்றும் புதிதல்ல, நேயர்களே. இரவில் ஜெனரேட்டர் நின்றதும் லயம் இருண்டுவிடும். கார் பேட்டரியை சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், பட்டணத்துக் கடையில் சார்ஜ் ஏற்றி வந்துதான் பல வீடுகளில் தொலைக்காட்சி ஓடியது. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆவதற்கு வெகுகாலம் முந்திய கதை அது. கம்பி வழி மின்சாரம் வந்தது; அந்தப் பாடும் தீர்ந்தது.

இன்று மாட்டுக் கொட்டகை, காய்கறிப் பாத்தி, செம்பனை ஓரத்துச் சிறு கோயில் என்று கம்பி எட்டாத இடங்களில் சூரியத் தகட்டோடு பேட்டரி திரும்பி வந்திருக்கிறது. கூடவே ஒரு குறையும் வந்திருக்கிறது. பகலெல்லாம் வெயில் கொளுத்தினாலும் இரவு விளக்கு மங்கிவிடுகிறது. பேட்டரி செத்துவிட்டதென்று சம்பளப் பணத்தில் புதிது வாங்குகிறார்கள். அதுவும் ஓராண்டில் படுத்துவிடுகிறது.

பழி பேட்டரிமேல் விழுகிறது. குற்றம் பெரும்பாலும் கணக்கில் இருக்கிறது. 10 வாட் விளக்கு மூன்று 5 மணி நேரம் எரிந்தால் 150 வாட்-மணி. 40 வாட் காற்றாடி 8 மணி நேரம் சுழன்றால் 320. ஆக, இரவுச் செலவு 470. ஒரு 100 வாட் தகடு, முழு வெயில் 4 மணி நேரம் என்று வைத்தால், 400 தரும். சூட்டிலும் கம்பியிலும் பேட்டரியிலும் கழிந்தது போக 300 மிஞ்சினால் பெரிது. வரவு 300, செலவு 470 என்றால் எந்தக் குடும்பம் தாங்கும்? நாள்தோறும் அரைவயிறாகக் கிடக்கும் ஈயப் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடுகிறது. பிறகு அது சார்ஜை ஏற்பதில்லை.

கணக்கு சரியாக இருந்தும் நிறையவில்லையா? ஒரு மல்டிமீட்டர் போதும். விடியற்காலையில், எதுவும் ஓடாதபோது, 12 வோல்ட் பேட்டரி 12.7 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. நண்பகலில் கட்டுப்பாட்டுக் கருவியின் முனையிலும் பேட்டரியின் முனையிலும் தனித்தனியே அளக்க வேண்டும். அங்கே 14.4, இங்கே 13 என்றால் திருடன் கம்பிதான். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை 10 மீட்டர் இழுத்தால், போக வர 20 மீட்டர். 10 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் வழியிலேயே தொலைகிறது. பேட்டரி நிறைந்துவிட்டதென்று கருவி ஏமாந்து, மின்னோட்டத்தை முன்கூட்டியே குறைத்துவிடுகிறது. கருவியை பேட்டரிக்குப் பக்கத்தில் மாட்டி, நீண்ட கம்பியைத் தகட்டின் பக்கம் விட்டால் பேட்டரி நிறையும்.

தகட்டையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒரே ஒரு செம்பனை மட்டையின் நிழல் சில கட்டங்களில் விழுந்தாலே உற்பத்தி பாதியாகிவிடும். மட்டையோ மாதாமாதம் வளர்கிறது!

மூடி திறக்கும் பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான். குழாய் நீரோ மினரல் வாட்டரோ ஆகாது. பக்கத்தில் சுருட்டும் கூடாது, கசியும் வாயு தீப்பற்றும். கழற்றும்போது முதலில் தகட்டின் இணைப்பு, பிறகு பேட்டரி. மாட்டும்போது முதலில் பேட்டரி.